பைக்குள் முஸல்லா, கையில் கணக்குப் புத்தகம்



ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்புத் தேடிக்கொண்டிருக்கும்போது என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி மார்க்கச் சட்டம் பற்றியதல்ல. "மௌலவி, உங்கட மருமகள் இந்தக் கிழமை எந்த ஊரிலயாம்?" என்பதுதான் அது. கேட்பவர்களுள் சிலர் உண்மையான அக்கறையோடு கேட்கிறார்கள். சிலருடைய குரலில் ஒரு புளிப்பு இருக்கும். அரபு மத்ரஸாவில் ஓதிக் கொடுக்கின்றவரின் வீட்டுப் பெண்ணே இப்படி ஊர் ஊராகத் திரியலாமா என்பது அதன் கருத்து. இரு சாராருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

அவள் என் மூத்த ராத்தாவின் மகள். 2000ஆம் ஆண்டு புத்தளத்தில் பிறந்தவள். பட்டயக் கணக்காளர் படிப்புப் படிக்கிறாள். அந்தப் படிப்பில் பரீட்சை மட்டும் போதாது. ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் சில வருடங்கள் பயிற்சியும் பெற வேண்டும். தெமட்டகொடையில் உறவினர் வீட்டில் தங்கி வேலைக்குப் போகிறாள். கணக்காய்வு என்றால் கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருந்து கூட்டிக் கழிப்பது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அப்படியல்லவாம். புத்தகத்தில் ஆயிரம் மூடை நெல் என்று எழுதியிருந்தால், அந்த ஆயிரம் மூடையும் களஞ்சியத்தில் இருக்கின்றனவா என்று யாராவது போய் எண்ண வேண்டும். அந்த "யாராவது" எப்போதும் பயிற்சிக்கு வந்த இளம் பிள்ளைகள்தான்.

நம் நாட்டில் பெரும்பாலான கம்பனிகளின் கணக்கு வருடம் மார்ச் 31ஆம் திகதி முடிகிறது. 2024இல் அந்த நாள் ரமழானில் வந்தது. அன்று இவளும் இரு தோழிகளும் பொலன்னறுவையில் ஒரு நெல் ஆலையில் இருந்தார்கள். ஒருத்தி கேகாலைச் சிங்களப் பிள்ளை, மற்றவள் நல்லூர்ப் பிள்ளை. கூரையைத் தொடும் அளவுக்கு அடுக்கிய மூடைகள். நீளத்தில் இத்தனை, அகலத்தில் இத்தனை, உயரத்தில் இத்தனை என்று எண்ணிப் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். ஆனால் அடுக்கின் நடுவே வெற்றிடம் விட்டு ஏமாற்றுபவர்களும் உண்டாம். ஆகவே உச்சியில் ஏறிப் பார்த்தே ஆக வேண்டும். நோன்போடு, தலையிலும் முக்காட்டிலும் உமி படிய, ஏணி வைத்து ஏறியிருக்கிறாள். பிரயாணிக்கு நோன்பை விடச் சலுகை உண்டு என்பது அவளுக்குத் தெரியும். "விட்டால் பிறகு தனியாகப் பிடிக்க வேணும் மாமா, அது இதை விடக் கஷ்டம்" என்றாள். கேகாலைப் பிள்ளை தன் சோற்றுப் பார்சலை வேனுக்குப் பின்னால் மறைந்திருந்து சாப்பிட்டதாம். எங்கே போனாய் என்று கேட்டதற்கு டயரில் காற்றுப் பார்த்தேன் என்று பொய் சொன்னதாம். அந்தப் பொய்யை நான் கண்டிக்கவில்லை.

பிறகு ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. நாலரைக் கிலோ அளவில் பச்சைக் கொழுந்து போனால்தான் ஒரு கிலோ தூள் வரும் என்பதை நான் அறிந்துகொண்டது அவளிடமிருந்துதான். வந்த கொழுந்தையும் போன தூளையும் ஒப்பிட்டால் களவு பிடிபட்டுவிடுமாம். அட்டை கடித்த காலோடு திரும்பி வந்தாள். திரும்பும்போது மூவரும் மலைநாட்டுக் கோச்சியில் மூன்றாம் வகுப்பில், இடமில்லாமல், பட்டிப்பொலை வரை நின்றுகொண்டே வந்தார்கள். நம் நாட்டு ரயில் பாதையில் ஆக உயரமான நிலையம் அது. அங்கே இறங்கித் தேநீர் வாங்கப் போய், கோச்சி புறப்பட்டு, ஓடி ஏறியிருக்கிறார்கள். இந்த ஒரு விடயத்தை ராத்தாவிடம் சொல்ல வேண்டாம் என்றாள். சொல்லவில்லை. ராத்தா இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர், இனி அறிந்துகொள்வார்.

எல்லா ஊரிலிருந்தும் எனக்குத் தொலைபேசி வரும். "மாமா, கஸ்ர் செய்யலாமா?" நம் ஷாபிஈ மத்ஹபின்படி 80 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரம் போனால் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாம், இரு தொழுகைகளைச் சேர்க்கலாம். போகும் நாளும் வரும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் தங்க நிய்யத் வைத்தால் அந்தச் சலுகை இல்லை. இருபது வருடம் மாணவர்களுக்கு நான் இதைக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட ஒரு மாதத்தில் இத்தனை தடவை அதைப் பயன்படுத்தியிருக்க மாட்டார்.

சரி, மஹ்ரம் இல்லாமல் பெண் பிரயாணம் செய்வது? கேள்வி அங்கேதான் வந்து நிற்கும் என்பது எனக்குத் தெரியும். தடுக்கும் ஹதீஸ்கள் ஸஹீஹானவை. ஒன்றில் ஒரு நாள், ஒன்றில் இரண்டு நாள், ஒன்றில் மூன்று நாள் என்று வந்துள்ளன. கேட்டவர்களின் நிலைமைகள் வேறுபட்டதால் பதில்களும் வேறுபட்டன என்று இமாம் நவவி விளக்குகிறார். மறுபுறம், ஹீராவிலிருந்து கஃபா வரை அல்லாஹ்வைத் தவிர எவருக்கும் அஞ்சாமல் ஒரு பெண் பிரயாணம் வரும் காலத்தை நபியவர்கள் அதீ இப்னு ஹாத்திம் (ரழி) அவர்களிடம் முன்னறிவித்த செய்தி புகாரியில் இருக்கிறது. அதைத் தம் கண்ணாலேயே கண்டதாக அதீ பிற்காலத்தில் சொன்னார்கள். உமர் (ரழி) அவர்கள் தமது கடைசி ஹஜ்ஜின்போது நபியவர்களின் மனைவியரை உஸ்மான், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) ஆகியோரின் பாதுகாப்பில் அனுப்பினார்கள். நம்பகமான பெண்களின் துணையோடு பர்ளான ஹஜ்ஜுக்குப் போகலாம் என்பது நம் மத்ஹபின் நிலைப்பாடு. ஏனைய பிரயாணங்களில் கருத்து வேறுபாடு உண்டு. கூடாது என்போரே அதிகம். அவர்களை நான் மதிக்கிறேன். அவளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: நம்பகமான பெண் துணை இருக்க வேண்டும், தங்குமிடம் முதலே தெரிந்திருக்க வேண்டும், இரவில் தனியாக எங்கும் இல்லை. ஒரு தடவை நிறுவனம் அவளைத் தனியாக அனுப்பப் பார்த்தது. மறுத்துவிட்டாள். வேறொரு பிள்ளையையும் சேர்த்து அனுப்பினார்கள்.

இதைப் பற்றிக் கேள்வி கேட்கும் சகோதரர்களிடம் எனக்கும் ஒரு கேள்வி உண்டு. நெடுஞ்சாலையோரப் பள்ளிவாசல்களில் எத்தனையில் பிரயாணப் பெண்ணுக்கு வுழூச் செய்ய ஒரு மறைவான குழாய் இருக்கிறது? இவள் ஒரு பள்ளியில் கேட்டபோது "லேடீஸுக்கு வசதி இல்ல" என்று கதவை மூடிவிட்டார்கள். பக்கத்து எரிபொருள் நிலையத்தில், எண்ணெய் மணக்கும் ஒரு களஞ்சிய அறையில் அஸர் தொழுதாள். இடம் ஒதுக்கித் துடைப்பத்தால் கூட்டிக் கொடுத்தவர் ஒரு பௌத்த சகோதரர். மினாராவுக்கு மாபிள் பதிக்கப் பணம் சேர்க்கும் நிர்வாக சபைகள் இதைச் சற்றே யோசிக்கட்டும்.

இனி யாழ்ப்பாணம்.

நாங்கள் சோனகத் தெருவைச் சேர்ந்தவர்கள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி துவக்கேந்தியவர்கள் வந்து, இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போக வேண்டும் என்றார்கள். அந்த மாதத்தில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். எனக்கு அப்போது வயது பதினொன்று. ராத்தாவுக்குப் பதினைந்து, அந்த டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தவர். எழுதவில்லை. புத்தளத்து ஓலைக் கொட்டிலில் எவரும் பரீட்சையைப் பற்றிப் பேசவில்லை. பத்தொன்பதில் கலியாணம். யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதை திறந்து, ரயிலும் 2014இல் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகும் ராத்தா போகவில்லை. "பார்க்க என்ன இருக்கு?" என்பார்.

2024 ஜூனில் மருமகளுக்கு யாழ்ப்பாணக் கிளை ஒன்றில் மூன்று நாள் வேலை. வீட்டில் எல்லோரும் ராத்தாவின் முகத்தையே பார்த்தோம். மற்ற ஊர்களுக்கெல்லாம் ஆயிரம் கேள்வி கேட்டவர், அன்று ஒன்றும் கேட்கவில்லை. "போய்ட்டு வா" என்றார். பிறகு குசினிக்குள் போய்விட்டார்.

தங்கியது நல்லூர்ப் பிள்ளையின் வீட்டில். அந்தத் தாய், முஸ்லிம் பிள்ளை வருகிறதென்று புதுச் சட்டி வாங்கி மூன்று நாளும் மரக்கறியே சமைத்திருக்கிறார். இரவு சாப்பாட்டின்போது அவர் ஒரு கதை சொன்னாராம். 1990இல் தன் தங்கையின் கலியாணத்துக்காக ஐந்து சட்டைத் துணிகளை ஒரு முஸ்லிம் தையல்காரரிடம் கொடுத்திருந்தாராம். வாங்கப் போன நாளில் கடை பூட்டியிருந்தது, தெருவே வெறிச்சோடியிருந்தது. "துணி போனதெண்டு அண்டைக்குக் கவலைப்பட்டனான் பிள்ளை" என்று சிரிக்கத் தொடங்கியவர், சிரிப்பை முடிக்கவில்லையாம்.

மறுநாள் வேலை முடிந்து மூவரும் ஓட்டோவில் சோனகத் தெருவுக்குப் போயிருக்கிறார்கள். அங்கிருந்து உம்மாவுக்கு அழைப்பு. முப்பத்து நான்கு வருடத்துக்கு முந்திய தெருவை ராத்தா புத்தளத்திலிருந்து சொல்லச் சொல்ல, இவள் நடந்தாள். "பள்ளிக்கு முன்னால நிண்டு இடக்கைப் பக்கம் வா. குழாயடி வரும்." குழாயடி இல்லை. "ஒரு பெரிய வேம்பு?" வேம்பும் இல்லை. கடைசியில் கிணறுதான் காட்டிக் கொடுத்தது. கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே, கிணற்றுக் கட்டில் எங்கள் வாப்பா ஈரச் சீமெந்தில் விரலால் எழுதிய 1972 அப்படியே இருந்தது. அதைப் படம் பிடித்து அனுப்பினாள். ராத்தா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "வாளி இருக்கா?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் விடுமுறையில் வேன் பிடித்தோம். வாடகையைத் தன் சம்பளத்தில் கொடுத்தவள் அவள். ராத்தாவும் என் வீட்டாரும் பிள்ளைகளும் நானும் அநுராதபுரம், வவுனியா வழியாகப் போனோம். எங்கே தொழலாம், எந்தக் கடையில் கழிவறை துப்புரவாக இருக்கும், ஆனையிறவில் எங்கே நிறுத்தலாம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வளவுக்குள் நுழைந்த ராத்தா அழவில்லை. புதரை விலக்கிக்கொண்டு நேரே குசினி இருந்த மூலைக்குப் போனார். பிறகு, தான் படித்த மேசை எங்கே இருந்தது என்று மகளுக்குக் காட்டினார். அந்த இடத்தில் இருவரும் சற்று நேரம் நின்றார்கள். நாங்கள் வெளியே இருந்தோம்.

இப்போது அவளுக்கு மாப்பிள்ளை பேசுகிறோம். முதலில் வந்த ஒரு வீட்டார் பிரயாணத்தை நிறுத்த வேண்டும் என்றார்கள். பேச்சு அத்தோடு நின்றது. அடுத்து வந்தவர்கள் எருக்கலம்பிட்டிக்காரர், அவர்களும் 1990இல் வந்தவர்கள்தான். மாப்பிள்ளையின் உம்மா தேநீர் குடித்து முடிக்கும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, "மகள், மன்னார்ப் பக்கம் வேலை வந்தால் எங்கட வளவையும் ஒருக்காப் பார்த்திட்டு வருவீங்களா?" என்று கேட்டார்.