மருளாத மான்

தமிழில் ஒருத்தியின் கண்ணைப் புகழ வேண்டுமென்றால் உடனே மானைத்தான் கூப்பிடுவோம். மான்விழி, மருண்ட விழி. பழைய பாட்டிலிருந்து கல்யாண வாழ்த்துமடல் வரைக்கும் அதே மான். பேராதனையில் தமிழை ஒரு பாடமாகப் படிக்கிற எனக்கு இந்த உவமை தண்ணீர் பட்ட பாடு. மருளுதல் என்றால் மிரளுதல், அஞ்சுதல். அதாவது நாம் இத்தனை நூற்றாண்டாக அழகு என்று பாடிக்கொண்டிருப்பது ஒரு மிருகத்தின் பயத்தை. கெமராவைத் தூக்கிக்கொண்டு மான் தேட ஆரம்பித்து ஒன்றரை வருஷமாகிறது. இந்த ஒரு சொல்தான் திரும்பத் திரும்ப மண்டைக்குள் ஓடுது.

முதலில் கெமரா. என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கெனன் 1300டி, கூடவே ஒரு 55-250 லென்ஸ். சென்சார் சின்னது என்பதால், முழுக்க இழுத்தால் 400 மில்லிமீட்டர் லென்ஸ் அளவுக்குக் கிட்டக் காட்டும். அந்த அளவில் கை நடுக்கம் படத்தில் விழாமலிருக்க ஷட்டர் வேகம் 1/400 வேணும் என்பது பழைய கணக்கு. மான் வெளியே வருவதோ விடியலிலும் பொழுது சாயும்போதும்தான். மரத்தடியில் அந்த நேரம் வெளிச்சத்துக்கு எங்கே போறது? ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றினால் படமெல்லாம் மணல் தூவின மாதிரி. பெரிய லென்ஸ் வாங்க மகாபொலக் காசு காணாது. அதனால் கூட்டாளிகள் எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "மச்சான், இன்னும் கிட்டப் போ."

அந்தக் கிட்டப் போவதில்தான் எல்லாப் பிரச்சினையும் இருக்கு.

தலதா மாளிகைக்குப் பின்னால் இருக்கிறது உடவத்தகெலே. 1856இல் ஒதுக்குக் காடு, 1938இல் சரணாலயம். பரப்பு 100 ஹெக்டேயருக்குக் கொஞ்சம் கூட. கீழே பஸ் ஹோர்ன் கேட்கும் இந்தக் காட்டுக்குள்ளும் கேளையாடு இருக்கிறது, சருகுமான் இருக்கிறது. சருகுமான் முயலளவுதான், கொம்பு கிடையாது, விலங்கியல்படி உண்மையான மான் குடும்பமும் இல்லை. காய்ந்த சருகுக்குள் அசையாமல் நின்றால் பக்கத்திலேயே கடந்து போய்விடுவோம். பெயர் வைத்தவர் கவனமாகப் பார்த்தவர்தான். கேளையாட்டைக் குரைக்கும் மான் என்றும் சொல்வார்கள். ஆபத்து என்று பட்டால் நாய் மாதிரிக் குரைக்கும். ஒருதரம் குரைத்துவிட்டால் அன்றைக்கு அந்தப் பக்கம் வேறெதுவும் கிடைக்காது, பையைக் கட்டவேண்டியதுதான்.

மானுக்குச் சிவப்பும் செம்மஞ்சளும் நமக்குப் போலத் தெளிவாகத் தெரியாது. அதனால் சட்டை நிறத்தைவிட நம்ம அசைவும் வாசமும்தான் நம்மைக் காட்டிக்கொடுக்கும். காற்று நம் பக்கமிருந்து அதன் பக்கம் வீசினால் கதை முடிந்தது. எதுவும் சரியாக அமைந்தாலும், கெமராக் கண்ணாடி எழும்பும் 'டக்' சத்தத்துக்குத் தலை நிமிரும். காது இரண்டும் முன்னே திரும்பும். ஒரு முன்னங்கால் பாதி தூக்கியபடி நிற்கும். எல்லோருக்கும் பிடித்த படம் அதுதான், நேரே லென்ஸைப் பார்க்கும் மான். ஆனால் அந்த நொடியில் அது மேய்வதை விட்டுவிட்டு, ஓடுவதா நிற்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. அதே மருண்ட விழி.

இதற்கு நேர்மாறான படம் வேணுமென்றால் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகணும். பேராதனையில் பதுளை ரயில் ஏறி, இலங்கையின் மிக உயரமான ஸ்டேஷனான பட்டிப்பொலயில் இறங்கினால், மிச்சத்துக்கு வேன். அங்கே மரை. சிங்களத்தில் கோனா. வாகனம் நிறுத்துமிடத்துக்கே வந்து நிற்கும், வேன் ஜன்னலில் மூக்கை நீட்டும். லென்ஸே வேண்டாம், போன் போதும். வாசலில் பையைச் சோதித்துப் பொலித்தீனைக் கழற்றி வாங்கிவிடுகிறார்கள். ஆனாலும் பணிஸ் நீட்டும் கைகளுக்குக் குறைவில்லை. இந்த மரையும் கெமராவைப் பார்க்கும். பயத்தில் இல்லை, 'என்ன கொண்டுவந்தாய்' என்று.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நாய்களை விட்டு மரை வேட்டையாடிய மலைகள் இவை. 1988இல்தான் ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவானது. நாயைக் கண்டு ஓடின மிருகத்தின் வாரிசு இப்போது பணிஸைக் கண்டு ஓடி வருகிறது. இரண்டு ஓட்டத்துக்கும் காரணம் நாம்தான்.

"சும்மா பாவம்தானே, ஒரு பணிஸ் குடுத்தா என்ன?" என்று கேட்கலாம். நான் கலஹாப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. எங்க அம்மாவுக்கு மான் உவமை இல்லை, போஞ்சிப் பாத்தியைத் தின்றுவிட்டுப் போகும் சாமான். தோட்டங்களின் காட்டோரங்களில் பன்றிக்கென்று கம்பிக் கண்ணி வைப்பார்கள். கண்ணிக்கு ஆள் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தில் கண்ணியில் மாட்டி ஒரு கருஞ்சிறுத்தை செத்தது நினைவிருக்கும். பூங்காவின் எல்லை எதுவென்று மரைக்கும் தெரியாது. மனிதரை நம்பிப் பழகிய மரை எல்லை தாண்டி நடந்தால் எல்லாக் கையிலும் பணிஸ் இருக்காது. மருட்சி அதற்கு அழகில்லை, உயிர்க்காப்பு. அதைப் படத்துக்காகப் பறிக்க எனக்கு மனமில்லை. அதைச் சும்மா சும்மா கிளப்பிவிடவும் மனமில்லை.

ஆகவே இப்போது கிட்டப் போவதில்லை. லீவுக்கு வீட்டுக்குப் போனால் விடிய முன்னமே எழும்பி, தேயிலை முடிந்து காடு தொடங்குமிடத்தில், காற்று முகத்தில் அடிக்கிற பக்கமாய்ப் பார்த்து உட்காருவேன். "மான் புடிக்கப் போறியா, படம் புடிக்கப் போறியா?" என்று அம்மா கேட்பா. பல நாள் கிடைப்பது அட்டைக்கடி மட்டும்தான்.

போன தவணை லீவில் ஒன்று கிடைத்தது. ஒரு கேளையாடு, படத்தின் மூலையில், விரல்நகம் அளவு. தலை குனிந்து மேய்கிறது. முகம்கூடச் சரியாகத் தெரியாது, அத்தனை மணல். வட்சப் குழுவில் போட்டேன். "மான் எங்கடா?" என்று மூன்று பேர் கேட்டார்கள். அது கிட்டத்தட்ட கால் மணித்தியாலம் மேய்ந்துவிட்டுத் தன்பாட்டில் உள்ளே போனது. நான் இருந்தது அதற்குத் தெரியவே தெரியாது. என்னிடம் இருக்கும் மான் படங்களில் நல்லது எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

உங்கள் போனிலும் எங்காவது எடுத்த மான் படம் ஒன்று இருக்கும். ஒருதரம் திறந்து, கண்ணை விட்டுவிட்டுக் காதைப் பாருங்கள், எந்தப் பக்கம் திரும்பியிருக்கு என்று.