புறப்படும் முன் நிரப்பும் படிவம்

வானத்தில் சத்தம் கேட்டால் எம்மில் பலருக்கு இன்றும் முதலில் விழிப்பது காதுதான். அது சகடையா, பொம்மரா, கிபிரா என்று பிரித்தறிந்து பதுங்குகுழிக்கு ஓடிய பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அப்படிப்பட்டவள் விமானம் ஓட்டும் முறைகளைப் பற்றி எழுதுவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் என் பெறாமகள். அக்காவின் மூத்தவள், கனடாவில் பிறந்தவள், தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்காகப் பயிற்சி பெறுகிறாள். "சித்தி, இதைப் பாருங்கோ" என்று வரைபடத்தைத் தொலைபேசியில் காட்டிக் காட்டி எனக்கும் பாதி பாடம் சொல்லித் தந்துவிட்டாள்.

அந்நாட்டுச் சட்டப்படி இந்த அனுமதிப்பத்திரத்துக்குக் குறைந்தது 45 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். அதில் 12 மணித்தியாலம் தனியே. அந்தத் தனிப் பறப்புகளில் ஒன்று 150 கடல் மைலுக்குக் குறையாத நெடும்பயணமாக, வழியில் வேறு இரண்டு இடங்களில் இறங்கி ஏறுவதாக இருக்க வேண்டும். அவள் தெரிந்தெடுத்தது ரொறன்ரோவுக்குக் கிழக்கேயுள்ள ஓஷாவாவில் கிளம்பி, பீற்றர்பரோ, கிங்ஸ்ரன் போய்த் திரும்பும் பாதை.

வரைபடத்தில் ஒரு சென்ரிமீற்றர் என்பது தரையில் ஐந்து கிலோமீற்றர். பென்சிலால் கோடு போட்டு, வழியில் கண்ணுக்குத் தெரியக்கூடிய ஆறு, ஏரி, ரயில் பாதை, நெடுஞ்சாலை எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறாள். பீற்றர்பரோவிலிருந்து கிங்ஸ்ரன் ஏறத்தாழ நேர் கிழக்கு, 75 கடல் மைல். மணிக்கு 100 கடல் மைல் வேகமென்றால் 45 நிமிடம். ஆனால் கிழக்கே மூக்கை வைத்துப் பறந்தால் கிங்ஸ்ரன் வராது. திசைகாட்டி அந்தப் பகுதியில் உண்மையான வடக்கிலிருந்து சுமார் 12 பாகை மேற்கே விலகி நிற்கிறது. அதைக் கணக்கிற் சேர்க்க வேண்டும். காற்று இடப்பக்கமிருந்து தள்ளினால் மூக்கைச் சற்று இடப்பக்கம் திருப்பியே பிடிக்க வேண்டும். உயரத்துக்கும் ஒழுங்கு உண்டு. தரையிலிருந்து 3,000 அடிக்கு மேல், கிழக்குப் பக்கம் போகிறவர்கள் 3,500, 5,500 என்ற உயரங்களிலும் மேற்குப் பக்கம் வருகிறவர்கள் 4,500, 6,500 என்ற உயரங்களிலும் பறக்கிறார்கள். வேலியில்லாத வானத்தில் ஒருவரோடொருவர் மோதாமலிருக்க இந்த ஏற்பாடு.

வேலியே இல்லை என்றும் சொல்ல முடியாது. வான்பரப்பை ஏ முதல் ஜி வரை ஏழு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். சிலவற்றில் யாரையும் கேட்காமல் பறக்கலாம். சிலவற்றில் வானொலியில் பேசித் தொடர்பு கிடைத்த பின்னரே நுழையலாம். சிலவற்றுக்கு வெளிப்படையான அனுமதி வேண்டும். அவளுடைய கோடு ட்ரென்ரன் படைத்துறை விமானத் தளத்துக்கு அருகால் போகிறது.

"அப்ப ஆமிக்காரனிட்டயோ கேக்கிறது?" என்று அக்கா திடுக்கிட்டுக் கேட்டாள்.

"ஓமம்மா. நான் ஆர், எங்க நிக்கிறன், எவ்வளவு உயரம், எங்க போறன் எண்டு சொன்னால் சரி. அவை வழி சொல்லுவினம்."

ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பொதிகளோடு வரிசையில் நின்ற நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவளுக்கு அது விளங்கவில்லை. விளங்காமலே இருக்கட்டும்.

வழி தவறினால் என்ன செய்வது என்பதும் பாடத்தில் இருக்கிறது. உயர ஏறு, அப்போது தூரம் தெரியும், வானொலியும் நன்றாகக் கேட்கும். எரிபொருளைச் சிக்கனப்படுத்து. கூச்சப்படாமல் "நான் வழி தவறிவிட்டேன்" என்று சொல். 121.5 என்ற அவசர அலைவரிசை அதற்கென்றே இருக்கிறது. விமானத்திலுள்ள ட்ரான்ஸ்பொண்டர் கருவியில் 7700 என்று இட்டால், ராடர் திரையில் அந்த விமானம் ஆபத்தில் இருப்பது தெரியவரும்.

இவ்வளவையும் நான் ஆர்வத்தோடுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் பயணத் திட்டப் படிவத்தைக் காட்டியபோது என்னால் தொடர்ந்து பேச முடியவில்லை.

புறப்படுவதற்கு முன் நிரப்பும் படிவம் அது. எந்தப் பாதை, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எத்தனை மணிக்குச் சேர்வது, எரிபொருள் எத்தனை மணித்தியாலத்துக்குக் காணும், எத்தனை பேர், விமானத்தின் நிறம் என்ன, உயிர்காப்பு அங்கி உண்டா, மிதவைப் படகு இருந்தால் அதன் மூடி என்ன நிறம். திட்டத்திற் சொன்ன நேரத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் வந்துசேர்ந்த அறிவித்தல் கிடைக்காவிட்டால் தேடல் தொடங்கும். முதலில் வழியிலுள்ள விமானநிலையங்களுக்கு அழைத்து இறங்கினாளா என்று விசாரிப்பார்கள். பிறகு மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் பொறுப்பெடுக்கும். அதுவும் அதே ட்ரென்ரனில்தான். தாய் போய் அழவேண்டியதில்லை, மனு எழுதவேண்டியதில்லை. மணிக்கூடு முறைப்பாடு செய்கிறது.

எங்கள் அண்ணா 2007இல் யாழ்ப்பாணத்தில், "கடைக்குப் போயிட்டு வாறன்" என்று சைக்கிளில் போனவர். அம்மா அவருக்காக நிரப்பிய படிவங்களை நான் எண்ணியதில்லை. கேள்விகள் ஏறத்தாழ அவைதான். எத்தனை மணிக்குப் போனார், எந்தப் பாதையால், என்ன நிற உடுப்பு. "நீலக் கோடு போட்ட சேட்" என்று அம்மா ஒவ்வொரு மேசையிலும் சொன்னாள். ஒரு மேசையில் சொன்னது அடுத்த மேசைக்குப் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. இன்று என் வேலையும் பெரும்பாலும் அதுவே. என்னெதிரே இருக்கும் தாய்மாரிடம் அதே கேள்விகளைக் கேட்டு எழுதுகிறேன். சமூகவியலில் இதற்கு நிறுவனப் பொறுப்புக்கூறல் என்று பெயர் படித்தோம். பரீட்சைக்கு நாலு பக்கம் எழுதியும் இருக்கிறேன். ஒரு மாணவியின் சின்ன விமானத்துக்காக ஒரு நாடு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பதைக் கண்ட பிறகுதான் அந்தச் சொல்லுக்கு உருவம் கிடைத்தது. வசதியுள்ள நாடு, செய்கிறது என்று சிலர் சொல்லக்கூடும். அந்த முதல் விசாரணைக்கு வேண்டியது ஒரு தொலைபேசியும், கேட்பது தன் கடமை என்று அறிந்த ஓர் ஆளும் மட்டுமே.

இன்னொரு வழியும் அங்கே உண்டு. நம்பகமான ஒருவரைப் பொறுப்பாளராக வைத்து அவரிடம் பயண விபரத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாம். வராவிட்டால் அவர்தான் அறிவிக்க வேண்டும். வேறு நேரம் குறிப்பிடாவிட்டால் அதற்குரிய தவணை 24 மணித்தியாலம். மகள் அக்காவைக் கேட்டாள். அக்கா மறுத்துவிட்டாள். "24 மணித்தியாலமோ? என்னால ஏலாது. அந்த ஒரு மணித்தியாலக்காரரிட்டயே குடு."

அந்தப் பயணம் ஒரு சனிக்கிழமை நடந்தது. பிற்பகல் 3.40க்கு ஓஷாவாவில் இறங்கியவள், முதலில் விமானத் தகவல் நிலையத்துக்கு அழைத்து, வந்துசேர்ந்ததை அறிவித்துத் திட்டத்தை மூடினாள். மூட மறந்தால், தரையில் சுகமாக நிற்பவளைத் தேடியும் ஆட்கள் கிளம்பிவிடுவார்களாம். அதன் பிறகுதான் வீட்டுக்கு எடுத்தாள். அக்கா அதுவரை சாப்பிடவில்லை.