விரலுக்குத் தெரிந்த பொத்தான்

கெலுகோரில் பினாங்குப் பாலம் ஏறி, பிறை வழியாக ஈப்போவிலுள்ள அம்மாவைப் பார்க்க மாதம் இருமுறை போவேன். நெடுஞ்சாலையில் 110-ல் குரூஸ் கண்ட்ரோலைப் போட்டுவிட்டால் காலுக்கு ஓய்வு. போன மாதம் அந்தப் பொத்தானைத் தேடிக் குனிந்தேன். நிமிர்ந்தால், முன்னால் லாரியின் சிவப்பு விளக்கு! பிரேக்கை மிதித்த மிதியில், பின்சீட்டில் தூங்கிய மகள் அலறி எழுந்தாள். அந்த வேகத்தில் ஒரு வினாடிக்குக் கார் 30 மீட்டர் ஓடிவிடும்.

வானொலிக் கூடத்தில் நான் குனிந்து பார்ப்பதே இல்லை. மைக்கைத் திறக்கும் ஃபேடர் எதுவென்று விரலுக்குத் தெரியும். காரிலோ எல்லாப் பொத்தானும் ஒரே வழவழப்பு. கணினி விசைப்பலகையில் எஃப், ஜே விசைகளில் இருக்கும் சின்ன மேடுகூட இல்லை. இத்தனைக்கும் குரூஸ் கண்ட்ரோலைக் கண்டுபிடித்த அமெரிக்கர் ரால்ஃப் டீட்டர், ஐந்து வயதில் பார்வையை இழந்தவர். 1950-ல் காப்புரிமை பெற்றார். 1958-ல் கிரைஸ்லர் நிறுவனத்தின் கார்களில் வந்தது.

நகப்பூச்சை எடுத்து 'செட்' பொத்தானில் ஒரு சொட்டு வைத்தேன். காய்ந்ததும் அதன்மேல் இன்னொன்று. 'கேன்சல்' பொத்தானில் அருகருகே இரண்டு. (நடுவில் காற்றுப்பை மூடியின் மேல் எதையும் ஒட்டிவிடாதீர்கள்.) இப்போது நிறுத்திய காரில் கண்ணை மூடிப் பயிற்சி. மகள்தான் தேர்வாளர்.

"கேன்சல்! அம்மா, கண்ணைத் திறக்காதீங்க!"

நேற்றுதான் பத்துக்குப் பத்து வாங்கினேன்.