முதலில் பயாப்ஸி, பிறகு மாத்திரை

விழுப்புரம்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அழுதுவிடுவாய். மாப்பிள்ளையும் உன் மாமியாரும் நிதானமாகப் படிக்கட்டும் என்றுதான் கடிதம்.

திண்டிவனத்தில் எடுத்த வயிற்று ஸ்கேனில் பிள்ளைக்கு இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருந்தன, கல் இல்லை. அதனால்தான் ஜிப்மர் மருத்துவமனையில் சி.டி. எடுத்தார்கள். நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் படித்தேன். முதுகெலும்புக்கு முன்னால் இறங்கும் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றித் தழும்பு மாதிரி சதை தடித்திருக்கிறது. சிறுநீர்க்குழாய்கள் இரண்டையும் அது நடுப்பக்கம் இழுத்து நெருக்குகிறது. சிறுநீர் இறங்க வழியில்லாமல் தேங்கியதால்தான் ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறியது.

ரெட்ரோபெரிட்டோனியல் ஃபைப்ரோஸிஸாக இருக்கலாம் என்கிறார்கள். 1948-இல் ஆர்மண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய பிறகுதான் இந்த நோய் பரவலாகத் தெரியவந்தது. நடுவயதுக்காரர்களுக்கு வருவதே அபூர்வம். பிள்ளைகளுக்கு மிக மிக அபூர்வம். ரிப்போர்ட்டில் ‘சந்தேகம்’ என்று போட்டதற்காக டாக்டர்மேல் கோபப்படாதே. ஸ்கேன் அறையிலேயே வேலை பார்க்கிறவள் சொல்கிறேன்: சதை எங்கே இருக்கிறது, எதை நெருக்குகிறது என்பதைப் படம் காட்டும். என்ன சதை என்று உறுதியாகச் சொல்லாது. காசநோய் நெறிக்கட்டியும் லிம்போமா என்ற புற்றுநோயும் அதே இடத்தில் ஏறக்குறைய இப்படியே தெரியலாம்.

அதற்குத்தான் சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி. அது வேண்டாம், மாத்திரை கொடுக்கட்டும் என்கிறாராம் மாப்பிள்ளை. அந்த மாத்திரை ஸ்டீராய்டு. ஃபைப்ரோஸிஸாக இருந்தால் பெரும்பாலும் நன்றாகவே கேட்கும். ஆனால் காசநோயாக இருந்து, அதற்குரிய மருந்தில்லாமல் இதை மட்டும் கொடுத்தால் கிருமி பெருகும். லிம்போமாவாக இருந்தால் கட்டி கொஞ்ச நாளைக்குச் சுருங்கும். பிறகு பயாப்ஸி எடுத்தாலும் நோய் பிடிபடாமல் போகலாம்.

பயாப்ஸி முடிவு வரும்வரை சிறுநீரகம் காத்திருக்காது. அதற்குத்தான் ஸ்டென்ட். மயக்க மருந்து கொடுத்து மூத்திர வழியாகவே மெல்லிய குழாயை வைப்பார்கள், வயிற்றைக் கிழிப்பதில்லை. சொன்ன தேதியில் அதை மாற்றவோ எடுக்கவோ வேண்டும், மறந்துவிடாதே. பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் பயப்படாதே. அதில் கதிர்வீச்சு இல்லை. சத்தம்தான் அதிகம், பிள்ளையிடம் முன்னாலேயே சொல்லி வை. ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு டாக்டரைக் கேட்காமல் ஒருநாளும் நிறுத்தாதே.

பழைய ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்து வா. திங்கட்கிழமை காலை நானும் ஜிப்மருக்கு வந்துவிடுகிறேன். பயாப்ஸிக்குச் சம்மதக் கையெழுத்தை அன்றைக்கே போட்டுவிடுங்கள். இனியும் தள்ளிப்போட வேண்டாம்.

அன்புடன்,
அக்கா