செயின் அறுந்தும் ஜெயித்தார்!

கல்லூரி நாளில் என் சைக்கிளின் செயின் கழன்றால், அழாத குறையாக வண்டியை உருட்டிக்கொண்டு வீடு சேருவேன். ஆகையால், ஆஸ்திரியாவில் லியோகாங் மலைச் சரிவில் 2015-ல் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தைச் சமீபத்தில் படத்தில் பார்த்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ஆரன் க்வின் என்ற அமெரிக்கர் மிதித்தாரோ இல்லையோ, செயின் அறுந்தது! மனிதர் அசரவில்லை, மிதிக்காமலே இறங்கி முதலாவதாக வந்தார்.

"அப்படியானால் பெடல் எதற்கு?" என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் கேட்டேன். புறப்படும்போதும் சமதளத்திலும் மிதித்துத்தானே ஆகவேண்டும்? அங்கேதான் சங்கடம். இந்தச் சைக்கிளின் பின் சக்கரம், ஸ்பிரிங்கின் தயவில் சுமார் 20 சென்டிமீட்டர் மேலே போய் வரும். கல்லும் வேரும் அதில் அடங்கிவிடும். ஆனால் இலவம்பஞ்சு மெத்தைமேல் நடந்து பாருங்கள். கால் பலத்தை மெத்தை விழுங்கிவிடும். மிதிக்கும் பலத்துக்கும் அதே கதிதான்.

பின் சக்கரத்தைத் தாங்கும் தண்டின் கீலைச் சற்று உயர்த்தி வைத்தால், செயினின் இழுப்பே வண்டியை அமிழாமல் தாங்கும். ஆனால் சக்கரம் கல்லில் ஏறும்போதெல்லாம் செயின் இழுபட்டு, பெடல் காலைத் திருப்பி உதைக்கும்! அதைத் தணிக்கக் கீலருகே ஒரு குட்டிப் பல்சக்கரம் வைத்து, செயினை அதன்மேல் ஓடவிடுகிறார்கள்.

க்வினுக்கு அன்று மிதியும் இல்லை, உதையும் இல்லை. இது தெரிந்திருந்தால் அன்று நானும் அழுதிருக்க மாட்டேன். ஆனால் என்ன செய்ய? எங்கள் தெருவில் மலை இல்லையே!