பிடித்துக்கொண்டு எழுவது

கொரியத் தற்காப்புக் கலை என்றதும் எல்லோரும் காலைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுகிறார்கள். டேக்வாண்டோ வகுப்புத் துண்டறிக்கைகளில் தன்னம்பிக்கை, ஒழுக்கம், கவனம் என்று ஒரு பட்டியல் தவறாமல் இருக்கும். அதே பட்டியலைச் செஸ், நீச்சல், வயலின் எதன் கீழும் ஒட்டலாம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. என்னைப் பிடித்துக்கொண்டது அதைவிட மிகப் பழையது: சிரும் என்ற மணல்கள மல்யுத்தம்.

இதில் குத்தும் உதையும் கிடையாது. இடுப்பையும் வலது தொடையையும் சுற்றி சாட்பா என்ற துணியைக் கட்டுகிறார்கள். ஒருவருக்குச் சிவப்பு, மற்றவருக்கு நீலம். இருவரும் மண்டியிட்டு, தோளோடு தோள் சாய்த்து, ஒருவர் துணியை மற்றவர் இறுகப் பிடித்து, அப்படியே சேர்ந்து எழுகிறார்கள். ஆட்டமே அதற்குப் பிறகுதான். முழங்காலோ அதற்கு மேலே எதுவுமோ மணலில் பட்டால் தோல்வி. எதிராளியின் கனம் எந்தக் காலுக்கு மாறுகிறது என்று கண் சொல்லாது, தோள்தான் சொல்லும். இப்படித் தோளால் அறியப் பழகுவதைவிட நல்ல பயன் எந்தப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. பழைய திருவிழாக்களில் வென்றவருக்கு ஒரு காளையும் கிடைத்தது. அது வேறு விஷயம்.

2018 நவம்பரில் மொரீஷியஸில் கூடிய யுனெஸ்கோ குழு, வட, தென் கொரியாக்கள் தனித்தனியே அனுப்பிய விண்ணப்பங்களை ஒன்றாக்கிச் சிருமைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இரு நாடுகளும் கூட்டாகப் பெற்ற முதல் பதிவு அது. இரண்டுக்கும் நடுவில் ஏவுகணைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றாவது மிச்சமிருக்கிறதே!

ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது போட்டியை அல்ல, கொரிய ஓவியர் கிம் ஹோங்தோ 18ஆம் நூற்றாண்டில் வரைந்த சிரும் படத்தை. நடுவில் இரண்டு மல்லர்கள். ஒருவனைத் தூக்கியாயிற்று, இனி எந்தப் பக்கம் விழுவான் என்பதுதான் கேள்வி. கீழே வலப்புறம் உட்கார்ந்திருப்பவர்கள் வாய் பிளந்து பின்னால் சாய்கிறார்கள், ஆகவே அந்தப் பக்கம்தான். கழற்றிப் போட்ட செருப்புகளில் ஒரு ஜோடி வைக்கோல், மற்றது வசதியானவர் அணிவது. களத்துக்குள் யார் எந்தச் சமூகப் படி என்று கேட்கவில்லை போலிருக்கிறது. ஒருவர் விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கிறார். அடுத்து இறங்க வேண்டியவரோ, பாவம். கழுத்தில் தட்டு மாட்டிய மிட்டாய்க்காரன் மட்டும் எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறான். இந்த நொடியில் எவனும் மிட்டாய் வாங்க மாட்டான் என்பது அவனுக்குத் தெரியும்.

பின்னால் சாய்ந்தவர்களில் ஒருவரின் கைகளைப் பாருங்கள். வலக்கை இருக்க வேண்டிய இடத்தில் இடக்கை, இடக்கை இருக்க வேண்டிய இடத்தில் வலக்கை. கவனப்பிசகு என்று ஒரு கட்சி, வேண்டுமென்றே வைத்த குறும்பு என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. மல்லர்களின் பிடியை விரல் விரலாக வரைந்த மனிதருக்கு, வேடிக்கை பார்க்கிறவன் கை மட்டுமா குழம்பியிருக்கும்?