கற்கும் கைகளைத் தேடி: கம்பத்திலிருந்து தேனிக்கு ஒரு பயணம்

மேற்கே ஏலமலை, கிழக்கே வருசநாட்டு மலையும் மேகமலையும் அரண்போல் நிற்க, நடுவே முல்லைப் பெரியாற்று நீரால் செழித்துக் கிடக்கிறது கம்பம் பள்ளத்தாக்கு. பென்னிகுயிக் என்னும் ஆங்கிலப் பொறியாளர் கட்டிய அணை 1895ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மேற்கே ஓடிக் கடலில் வீணாகிக்கொண்டிருந்த நீர், மலையைக் குடைந்து இப்பக்கம் திருப்பப்பட்டது. அந்நீர்தான் இன்றும் இங்கே நெல்லாகவும் வாழையாகவும் திராட்சையாகவும் விளைகிறது. கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

இவ்வளவு வளமிருந்தும், திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவரின் வீட்டில் கல்யாணம் என்றால் கணக்குப் பார்க்காமல் முடிவதில்லை. என் அக்காள் வீடு அப்படிப்பட்டது. சென்ற ஆண்டு ஐப்பசி மாதம் அவள் மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. மழையில் கொத்துக் கொத்தாகப் பழம் வெடித்துப்போய், மச்சான் கையில் காசில்லாத நேரம். மண்டபம், விருந்து, துணிமணி எனச் செலவுகளை எழுதிக்கொண்டே வந்த அக்காள், கடைசி வரியில் பேனாவை நிறுத்தினாள்.

“பெண்ணுக்கு அலங்காரம் செய்யக் கேட்கும் தொகையில் இருபது பேருக்குச் சாப்பாடு போட்டுவிடலாமே!” என்றாள்.

பெண்ணுக்கோ வேறு கவலை. இருபத்திரண்டு வயதிலேயே அவளுக்கு இளநரை. நெற்றியோரம் ஒரு கொத்து முடி வெள்ளிக் கம்பிபோல் மின்னும். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முக்காடு விலக்கிப் பார்க்கும் நாளில் அது தெரிந்துவிடுமே என்று இரவெல்லாம் தூங்காமல் கிடந்தாள். அப்போதுதான் தேனியில் பெண்களுக்கென்றே நடக்கும் ஓர் அழகுக்கலைப் பயிற்சிக் கூடத்தைப் பற்றி எதிர்வீட்டுப் பெண் சொன்னாள். அங்கே பயிலும் மாணவியர் பழகுவதற்காகக் குறைந்த கட்டணத்தில் முடி திருத்தி, தலை அலங்காரமும் செய்துவிடுவார்களாம். வாசலில் திரை, உள்ளே ஆண்வாடையே இல்லை என்றும் சொன்னாள்.

“கற்றுக்குட்டிகளிடம் கல்யாணப் பெண்ணின் தலையைக் கொடுப்பதா?” என்று அக்காள் முகம் சுளித்தாள். அந்தக் கேள்வியையும் சுமந்துகொண்டுதான் நாங்கள் மூவரும் பேருந்து ஏறினோம்.

மலையடிவாரச் சாலை

கம்பத்திலிருந்து தேனி ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். விடியற்காலையில் புறப்பட்டால் இந்தப் பள்ளத்தாக்கின் உழைக்கும் முகத்தைக் காணலாம். கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் ஜீப்புகளில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு. அந்தி சாயும்போதுதான் அவர்கள் மலையிறங்குவார்கள்.

அனுமந்தன்பட்டியைத் தாண்டினால் உத்தமபாளையம். 1956ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி இவ்வூரின் பெருமை. பள்ளத்தாக்கின் எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டதாரியை உருவாக்கிய நிறுவனம் அது. அடுத்து வாழைத்தோப்புகள் சூழ்ந்த சின்னமனூர், பிறகு வீரபாண்டி. முல்லையாறு கூடவே வந்து, சில இடங்களில் தென்னைகளுக்குப் பின்னே ஒளிந்துகொள்ளும். 1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகரானபின் தேனி வளர்ந்த வேகம், நகருக்குள் நுழையும்போதே புலப்படுகிறது. அகலப்பாதைப் பணிக்காக நின்றுபோன மதுரை ரயிலும் 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் திரும்ப வந்துவிட்டது.

பேருந்தில் என் மனம் ஒன்றை அசைபோட்டபடி வந்தது. ஆண்டிபட்டிக்கு அருகே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. உயிர் போகும் நோய்க்கும் நாம் அங்கேதான் ஓடுகிறோம். அங்கே நாடி பிடித்துப் பார்ப்பவர்களில் பயிற்சி மருத்துவர்களும் உண்டு. பேராசிரியர் பின்னால் நின்று பார்த்துக்கொள்கிறார். பல் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்களின் கையால் குறைந்த செலவில் பல் கட்டிக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்! உடம்பையே கொடுக்கும் நாம் முடியைக் கொடுக்கத் தயங்குவது விந்தையல்லவா?

பயிற்சிக் கூடத்தில்

மாடியில் ஒரு நீண்ட அறை. சுவரோரம் கண்ணாடிகள், மேசைமேல் வரிசையாகப் பொம்மைத் தலைகள். அவற்றின் முடியைப் பின்னிப் பிரித்து, சுருட்டி, வெட்டிப் பழகியபின் மாணவியர் ஒருவர் தலையில் மற்றவர் பழகுவார்களாம். அதற்கும் பிறகுதான் வெளியாட்கள். “பொம்மைக்கு வலிக்காது; அதனால் அது பாதிப் பாடத்தைத்தான் கற்றுத்தரும். மீதிப் பாதியை மனிதத் தலைதான் தரவேண்டும்” என்றார் ஆசிரியை. ஐம்பது வயது மதிக்கத்தக்க அவருடைய பார்வை அறையெங்கும் சுழன்றுகொண்டே இருந்தது.

எங்களுக்கு அமைந்த மாணவி கூடலூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவள். அவள் தாய் அந்த ஏலத் தோட்டத்து ஜீப்புகளில் ஏறிப் போகிறவர். கைக்குழந்தையோடு தாய்வீடு திரும்பிவிட்ட மகள், மலையேறும் கூலிக்குப் பதிலாக ஒரு தொழிலைக் கையில் பிடித்துக்கொள்ள வந்திருக்கிறாள். வெளியாளைத் தொடுவது அவளுக்கு அன்று மூன்றாம் முறை. சீப்பைப் பிடித்த விரல்கள் நடுங்கியதை நான் கண்டேன், அக்காளும் கண்டுவிட்டாள்.

வெளியே அரைமணியில் முடியும் வேலைக்கு அங்கே இரண்டு மணி நேரம் ஆனது. முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் அளந்து, ஆசிரியை வந்து பார்த்துத் தலையசைத்தபின்தான் கத்தரி நகர்ந்தது. ஓரிடத்தில் ஆசிரியை கத்தரியை வாங்கித் தானே திருத்திக் காட்டினார். எல்லாம் முடிந்தபோது நுனிமுடி நூல் பிடித்தாற்போல் இருந்தது. கட்டணம் ஐம்பது ரூபாய்தான். புருவம் திருத்துவதை மார்க்கம் விரும்பவில்லை என்பதால் அது வேண்டாம் என்றோம். முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்து இளநரை. கறுப்புச் சாயம் வேண்டாமே என்று நான் தயங்கியதால், பழுப்புச் சாயம் தடவலாம் என்று அக்காள் முடிவு செய்திருந்தாள். மாணவி தன் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, “இன்று தடவ முடியாது அக்கா. கைமடிப்பில் ஒரு பொட்டு மட்டும் வைக்கிறேன். நாற்பத்தெட்டு மணி நேரம் பார்த்துவிட்டு வாருங்கள்” என்றாள்.

அக்காளுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஊரில் எந்தக் கடையிலும் இப்படிச் சொல்வதில்லையே! இதற்காக இன்னொரு முறை பஸ்ஸுக்குக் காசு கொடுப்பதா?”

நடுங்கிய கையுடைய அந்தப் பெண்ணின் குரல் அப்போது நடுங்கவில்லை. “புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது அக்கா. டீச்சரும் விடமாட்டார்கள்” என்றாள்.

கைமடிப்பில் வந்த பதில்

ஊர் திரும்பிய மறுநாள் மாலை அந்தப் பொட்டு வைத்த இடம் சிவந்தது. அடுத்த நாள் தடித்து, சிறு கொப்புளங்கள் கண்டு, அரிப்புத் தாங்காமல் பெண் அழுதாள். க.விலக்கு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு ஓடினோம். மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி எங்களைத் திகைக்க வைத்தது. “முன்பு எப்போதாவது கறுப்பு மெகந்தி போட்டதுண்டா?”

போட்டிருந்தாள். அதற்கு முந்திய பெருநாளுக்கு ஓர் அழகு நிலையத்தில் சில நிமிடங்களிலேயே கன்னங்கரேலெனப் பிடிக்கும் கோனை வாங்கிக் கையில் போட்டுக்கொண்டாள். லேசாக அரித்தது, நாங்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

மருத்துவர் விளக்கினார். மருதாணி இலையில் இயற்கையாக உள்ள சாயம் செம்மை கலந்த பழுப்பு நிறத்தையே தரும். அது ஒருநாளும் கறுப்பாகப் பிடிக்காது. உடனே கறுப்பாகப் பிடிக்கிறது என்றால், அதில் பாராபினைலின்டையமின் என்னும் இரசாயனம் கலந்திருக்கக்கூடும். தலைச்சாயங்கள் பலவற்றில் இருப்பதும் அதுவேதான். ஒருமுறை தோல் அதனைப் பகையாக அடையாளம் கண்டுகொண்டால் வாழ்நாள் முழுவதும் மறப்பதில்லை. அடுத்த முறை தலையில் படும்போது முகமே வீங்கலாம். கண் திறக்க முடியாமல் போகலாம். “ஒரு பொட்டோடு போயிற்று, தலைமுழுதும் தடவியிருந்தால் கல்யாணத்துக்கு வாரம் ஒன்று இருக்கும்போது இவளை இங்கே படுக்கவைக்க நேர்ந்திருக்கும்” என்றார்.

அக்காள் ஒன்றும் பேசவில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு வந்தபின் மெதுவாகச் சொன்னாள்: “அந்தக் கற்றுக்குட்டிதான் என் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறாள்.”

நான் அதைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். கைதேர்ந்தவர்கள் வேகத்தில் விட்டுவிடும் படிகளைக் கற்பவர்கள் அச்சத்தால் விடுவதில்லை. அனுபவத்தின் குறையை அவர்கள் கவனத்தால் ஈடுசெய்கிறார்கள். ஆசிரியரின் கண் அருகில் இருக்கும்வரை அந்தக் கவனம் நமக்குப் பாதுகாப்பு.

எங்கே கற்கிறார்கள்?

கர்நாடகத்தில் தர்மஸ்தலத்தை அடுத்த உஜிரேயில், 1982ஆம் ஆண்டு தர்மஸ்தல அறக்கட்டளையும் சிண்டிகேட், கனரா வங்கிகளும் சேர்ந்து கிராமத்து இளைஞர்களுக்கு ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தைத் தொடங்கின. அதனை முன்மாதிரியாகக் கொண்டு நடுவண் ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாவட்டந்தோறும் வங்கிகளின் பொறுப்பில் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களை ஏற்படுத்தியது. தேனி மாவட்டத்தில் அப்பொறுப்பு கனரா வங்கியுடையது. உணவோடு பயிற்சி இலவசம். தையல், ஆடு மாடு வளர்ப்பு போன்றவற்றோடு ஏறத்தாழ ஒரு மாத அழகுக்கலைப் பாடமும் இந்நிலையங்களின் பாடத்திட்டத்தில் உண்டு. முடித்தவர்களுக்கு வங்கிக் கடனுக்கு வழிகாட்டி, இரண்டாண்டுகள் வரை தொடர்ந்து விசாரிப்பதும் அவற்றின் கடமை. ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களின் பாடப்பிரிவுகளில் ஓராண்டு அழகியல் பிரிவும் இருக்கிறது. தனியார் நடத்தும் கூடங்கள் வேறு.

இது சிறிய தொழில் என்று எண்ண வேண்டாம். 1970களில் தில்லியில் தம் வீட்டிலேயே மூலிகை அழகு நிலையம் தொடங்கிய ஷஹ்னாஸ் ஹுசைன், உலகெங்கும் அறியப்பட்டு 2006இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வீட்டின் ஓர் அறை போதும். திரைக்குள் இருந்தபடியே பெண்களுக்குப் பெண்கள் செய்யும் கண்ணியமான பிழைப்பு இது.

சகோதரிகள் கவனத்திற்கு

மாணவியரிடம் செல்ல விரும்பும் சகோதரிகளுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில சொற்கள். செய்முறை வகுப்பு நடக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பாடத்தின் கடைசி வாரங்களில் போனால் கைகள் ஓரளவு பழகியிருக்கும். அவசரத்தோடு போகாதீர்கள், அரைநாளை ஒதுக்கிவிடுங்கள். ஆசிரியை அறையில் இல்லாதபோது நாற்காலியில் உட்கார வேண்டாம். சீப்பும் துவாலையும் உங்களுடையதாகவே இருக்கட்டும். பிளேடு புதிதா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். ஒவ்வாமை, சர்க்கரை நோய், கர்ப்பம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக்கூடாது என்பதற்கு ஆசிரியை எளிய அளவுகோல் ஒன்றைச் சொன்னார். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது; கோணலாக வெட்டினாலும் காலம் சரிசெய்துவிடும். ஆகவே திரும்ப வளர்வதை மாணவியிடம் கொடுக்கலாம். முடியை நேராக்கும் மருந்து, வெளுக்கும் மருந்து, சாயம் ஆகியவை தோலைச் சுட்டுவிட்டால் தழும்பு மிஞ்சும். அவற்றை ஆசிரியையின் கையில் மட்டும், அதுவும் சோதனைப் பொட்டு வைத்துப் பார்த்தபிறகே ஒப்படைக்க வேண்டும். சிறுபிள்ளைகளின் கையில் கறுப்பு மெகந்தியை ஒருநாளும் போடாதீர்கள்.

நிக்காஹ் நாள்

கொல்லைப்புறத்து மருதாணிச் செடிதான் கடைசியில் கைகொடுத்தது. வேறெதுவும் கலக்காமல் இலையை அரைத்து, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, முதலில் கையில் வைத்துப் பார்த்தோம், ஒன்றும் செய்யவில்லை. பிறகு தலையில் தடவியதில் வெள்ளிக் கம்பிகள் செம்பு நிறமாயின.

அதிகாலையில் கூடலூரிலிருந்து அந்த மாணவி வந்தாள். அழைத்தது வேறு யாருமல்ல, அக்காளேதான். முடியை நடுவே வகிடெடுத்து, நெற்றியோரக் கொத்தை உள்வாங்கிப் பின்னி, மேலே மல்லிகைச் சரத்தைச் சுற்றினாள். இம்முறை கை நடுங்கவில்லை. முக்காடு விலக்கிப் பார்த்த மாப்பிள்ளையின் தாயார், “மாஷா அல்லாஹ்! யார் அலங்காரம் செய்தது?” என்றுதான் கேட்டார்.

அக்காள் பேசிய தொகைக்கு மேலேயும் வைத்து அவள் கையில் கொடுத்தாள். அவளுடைய முதல் கூலி அது. சோற்றுப் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு அவள் பேருந்துக்கு நடந்தாள். எதிரே, மலையிலிருந்து இறங்கிய ஜீப் ஒன்று பெண்களோடு போய்க்கொண்டிருந்தது. இன்ஷா அல்லாஹ், அவள் தாயும் ஒருநாள் அதில் ஏறாதிருக்கும் நிலை வரட்டும் என்று மனம் துஆச் செய்தது.